கடைமடை வயலில் வெள்ளத்தை வடிப்பதும் தண்ணீரைத் தேக்குவதும்: முழுமையான வழிகாட்டி

காவிரிக் கடைமடையில், கடலுக்குக் கிட்டத்தில், களிமண் பாங்கான தாழ்வு வயல் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியில் ஒரு தவிப்பு, தையில் ஒரு தவிப்பு. ஐப்பசியில் தண்ணீர் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். தை பிறந்தால் இன்னும் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் ஒரே ஏற்பாடுதான் தேவை, ஆனால் அதைச் செய்யும் வரிசை முக்கியம்.

புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்களும், வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பா நிலத்தைப் பார்க்க வந்தவர்களும் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் மோட்டார் வாங்குகிறார்கள், அப்புறம் குட்டை வெட்டுகிறார்கள், மழை கொட்டிய பிறகு வடிகால் எங்கே என்று தேடுகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். கீழே இருப்பது நேரெதிர் வரிசை: மட்டம், வடிகால், வரப்பு, மடை, குட்டை, கடைசியில் மோட்டார். சம்பா போடும் வயலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எப்போது தொடங்குவது, கையில் என்ன வேண்டும்

பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். அப்போதுதான் வயலும் வாய்க்காலும் காய்ந்திருக்கும், அடிமட்டம் கண்ணுக்குத் தெரியும். ஆவணியில் தொடங்கினால் மண் வேலை அரைகுறையாக நிற்கும்போதே மழை வந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப் 50 அடி, இருபது மூங்கில் முளை, அளவுநாடா, உப்பு பார்க்கும் சின்ன இசி மீட்டர், ஒரு நோட்டு. உங்கள் சர்வே எண்ணுக்கான புல வரைபடமும் ஒரு நகல் வேண்டும். வடிகால் பட்டாவில் போகிறதா, புறம்போக்கில் போகிறதா என்பது பின்னால் ஒரு நாள் கட்டாயம் தேவைப்படும்.

இசி மீட்டர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கடலோரத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதும், அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகும் என்பதும் வேறு வேறு. நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு தெரியும் அளவுக்கு வரும்போது பயிர் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

2. மூன்று மட்டங்களைக் கண்டுபிடியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எதைச் செய்தாலும் அது குருட்டு வேலை. உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: வயலின் மிகத் தாழ்வான மூலையின் மட்டம், வடிகாலின் சாதாரண நாள் தண்ணீர் மட்டம், வடிகாலின் வெள்ள நாள் தண்ணீர் மட்டம்.

வயலுக்குள் மேடு பள்ளம் பார்க்கக் கருவியே தேவையில்லை. சேறடிக்கத் தண்ணீர் கட்டும்போது காற்றில்லாத காலை நேரத்தில் இருபது இடத்தில் முளை அடித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். நின்ற தண்ணீரைவிடச் சரியான மட்டப்பலகை கிடையாது. எங்கே ஆழம் அதிகமோ அதுதான் தாழ்வு மூலை. கண்ணால் பார்த்துச் சொல்லும் மூலையும் அளந்து கிடைக்கும் மூலையும் பல நேரம் வேறாக இருக்கும். என் வயலில் வடகிழக்கு மூலைதான் பள்ளம் என்று பல வருடம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அளந்தபோது அது தெற்கு ஓரத்தின் நடுப்பகுதியில் இருந்தது.

அந்தத் தாழ்வு மூலையிலிருந்து வடிகாலின் தரைக்கு டியூப் வைத்து மட்டம் எடுங்கள். வெள்ள மட்டத்துக்குப் பழைய அடையாளம் தேடுங்கள்: மோட்டார் கொட்டகைச் சுவரில் இருக்கும் சேற்றுக்கோடு, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒட்டிய குப்பை, வயதானவர்களின் ஞாபகம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டால் ஊரில் யாராவது கை காட்டுவார்கள். அங்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மூன்று மட்டமும் தெரிந்துவிட்டால் முடிவு தானாக வந்துவிடும். வெள்ள நாளிலும் வடிகால் தண்ணீர் வயலைவிடத் தாழ்வாக நின்றால் குழாயே போதும், மோட்டார் வேண்டாம். சில மணி நேரம் மட்டும் வயலைவிட மேலே ஏறினால் குழாய்க்கு ஒருவழிக் கதவு தேவை. நாள் கணக்கில் மேலேயே நின்றால் உயர்ந்த வரப்பும் இறைப்பும் இல்லாமல் முடியாது. அதையும் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து செய்தால்தான் பலன்.

3. தண்ணீர் போகும் வழியில் கடைசி வரை நடங்கள்

உங்கள் வயலைத் தாண்டித் தண்ணீர் எந்த வடிகாலில் விழுகிறது, அது எந்த ஆற்றில் சேர்கிறது, அந்த ஆறு எங்கே கடலைத் தொடுகிறது என்று ஒரு நாள் நடந்தோ வண்டியிலோ போய்ப் பாருங்கள். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு போன்ற வெண்ணாற்றுக் கிளைகள் பாசனமும் கொடுக்கின்றன, வெள்ளத்தையும் இழுக்கின்றன. மேலே இருப்பவருக்கு வடிகாலாக இருக்கும் அதே வாய்க்கால் கீழே இருப்பவருக்குப் பாசன வாய்க்கால். இதை மறந்துவிட்டு அடைப்பதும் வெட்டுவதும்தான் ஊர்ச் சண்டைகளில் பாதிக்குக் காரணம்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: ஆகாயத்தாமரை, நெய்வேலி காட்டாமணக்குப் புதர், பாதைக்காகப் போட்ட சின்னக் குழாய்ப் பாலம், மீன் பிடிக்கக் குறுக்கே கட்டிய வலை, புதிதாக மண் கொட்டிய மனை. நான்கு அடி அகல வாய்க்காலில் ஒரு முக்கால் அடிக் குழாய் வைத்துப் பாதை போட்டிருந்தால், அந்த வாய்க்காலின் அகலம் முக்கால் அடிதான். மேலே எவ்வளவு தூர் வாரினாலும் பயனில்லை.

குறித்து வைத்ததை மனுவாக எழுதிச் சித்திரைக்குள் கொடுங்கள். டெல்டாவில் தூர்வாரும் வேலைகள் மேட்டூர் திறப்புக்கு முன், கோடையில் நடக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு மனு கொடுத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். நான் ஒரு முறை புரட்டாசியில் கொடுத்து, அதே பதிலை வாங்கினேன்.

கடலோர வடிகால் என்றால் ஓதமும் சேரும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சரிவே இல்லாத நிலத்தில் அரை அடி கூடத் தீர்மானிக்கும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். இறங்கும் நேரத்தில்தான் வடிகால் இழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும். புயல் நாளில் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு நிற்பதால் இறக்க நேரத்திலும் வடியாது. நேரம் தெரியாவிட்டால் பக்கத்து மீனவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

4. மழையை லிட்டராக மாற்றுங்கள்

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் ஒரு நாளில் 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை, மிக கனமழை என்றால் 20.44 செ.மீ. வரை, அதற்கு மேல் அதி கனமழை. வடகிழக்குப் பருவத்தில் மிக கனமழை நமக்குப் புதிதல்ல. அதனால் ஒரு நாளில் ஏக்கருக்கு 4 முதல் 8 லட்சம் லிட்டர் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இந்தக் கணக்கில் எல்லாரும் விடும் ஒன்று, மேட்டு வயல்களிலிருந்து வழிந்து வரும் தண்ணீர். உங்கள் ஒரு ஏக்கருக்கு மேலே நான்கு ஏக்கர் சரிந்திருந்தால் நீங்கள் வடிக்க வேண்டியது ஐந்து ஏக்கர் மழையை. அதை வயலுக்குள் விட்டுவிட்டு இறைப்பதைவிட, மேல்வரப்பை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி ஓரமாகவே வடிகாலுக்குத் திருப்பிவிடுவது எவ்வளவோ மேல். மேல் வயல்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். அவர் தண்ணீரை நீங்கள் மறிக்கவில்லை, வழிகாட்டுகிறீர்கள் என்று அவருக்குப் புரிய வேண்டும்.

5. வரப்பை ஆடிக்குள் முடியுங்கள்

வரப்பின் உயரம் நீங்கள் போட்ட வெள்ளக் கோட்டுக்கு ஒரு அடி மேல். புது மண் தணியும் என்பதால் போடும்போது இன்னும் அரை அடி சேர்த்துப் போடுங்கள்.

மண்ணைக் குவித்துவிட்டு மேலே தட்டினால் அது வரப்பு ஆகாது. பழைய வரப்பின் புல்லைச் செதுக்கி, அடியில் ஓரடி ஆழம் வெட்டி, அந்தப் பள்ளத்திலிருந்தே புது மண்ணைக் கோத்து எழுப்ப வேண்டும். அப்போதுதான் பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் நடுவே தண்ணீர் கசியாது. அரை அடிக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் ஈரப்பதத்தில் மிதித்துக் கெட்டிப்பட வேண்டும். காய்ந்த கட்டி மண்ணைப் போட்டால் உள்ளே சந்து நிற்கும். நண்டுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

மண்ணை வரப்பின் காலடியிலேயே வெட்டி எடுக்காதீர்கள். ஐந்தாறு அடியாவது தள்ளி எடுங்கள். காலடியில் பள்ளம் விழுந்தால் கசியும் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிடும், சரிவும் நிற்காது.

வரப்பு சீவி, சேற்றை அணைத்துப் பூசி அண்டை வைக்கும் வேலை சேறடிக்கும்போதே முடிந்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் வரப்பை மொழுமொழுவென்று சீவி அழகு பார்ப்பவர்கள் உண்டு. அந்த அருகம்புல் வேர்தான் ஐப்பசி மழையில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: வரப்பு எங்காவது ஒரு நாள் வழியத்தான் போகிறது. அது எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்துவிடுங்கள். வடிகால் ஓரமாகப் பத்தடி நீளத்துக்கு வரப்பை அரை அடி தாழ்த்தி, மண் நிரப்பிய சாக்குகளைப் பதித்து வையுங்கள். தண்ணீர் மீறினால் அங்கே வழியும், உடைப்பு எடுக்காது. ஏரிக்குக் கலுங்கு இருப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும்.

6. வடிமடை: குழாய், முழங்கை, கதவு

தண்ணீர் உள்ளே வரும் பாய்மடை மேட்டு மூலையில், வெளியேறும் வடிமடை தாழ்வு மூலையில். இரண்டையும் வாய்க்கால் இருக்கும் ஒரே பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் வந்த தண்ணீர் பக்கத்திலேயே வெளியேறும், தூரத்துப் பள்ளம் அப்படியே நிற்கும்.

மண்வெட்டியால் வரப்பை வெட்டித் திறக்கும் மடை வெள்ள நாளில் கையை விட்டுப் போய்விடும். வெட்டிய இடம் அரித்து அகலமாகும், திரும்ப அடைக்க முடியாது. அதற்குப் பதில் 6 அங்குல பிவிசி குழாய் ஒன்றை வரப்பின் அடியில் பதித்து, வயல் பக்கம் ஒரு முழங்கை (எல்போ) இணைப்பு மாட்டி, அதில் ஒன்றரை அடித் துண்டுக் குழாயைச் செருகுங்கள். முழங்கையைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. துண்டுக் குழாய் நிமிர்ந்து நின்றால் வயலில் தண்ணீர் நிற்கும், சாய்க்கச் சாய்க்க மட்டம் இறங்கும், முழுக்கப் படுக்க வைத்தால் வயல் காலியாகும். இரவு இரண்டு மணிக்கும் ஒருவரே செய்துவிடலாம்.

உள்ளேயும் வெளியேயும் அரை அடி மட்ட வித்தியாசம் இருந்தால் இப்படி ஒரு குழாய் மணிக்கு ஏறக்குறைய 60,000 லிட்டர் தள்ளும். வித்தியாசம் குறையும்போது வேகமும் குறையும். ஏக்கருக்கு இரண்டு குழாய் வைத்தால் 10 செ.மீ. மழை ஓர் இரவில் வடிந்துவிடும்; டீசல் கிடையாது, காவல் கிடையாது. இதனால்தான் மோட்டாரைக் கடைசியில் வைத்தேன்.

வெளிப்பக்க வாயில் பழைய டயர் ரப்பரை வெட்டி மேல் விளிம்பில் மட்டும் திருகி விடுங்கள். வயல் தண்ணீர் தள்ளினால் திறக்கும், வடிகால் ஏறித் திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்ளும். உள்வாயில் குப்பை அடைக்காமல் இருக்க ஒரு கம்பி வலைக் கூடை.

குழாயைச் சுற்றி மண்ணை நன்றாகக் கெட்டிப்படுத்துங்கள். நடுவில் ஓரிடத்தில் குழாயைச் சுற்றி ஒரு சிமெண்ட் வளையமும் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் குழாயின் முதுகோடு வழி தேடி, முதல் பெருமழையில் குழாயையே தூக்கிக்கொண்டு போகும்.

7. குட்டை: வெள்ளத்துக்கு அல்ல, தைக்கு

பண்ணைக்குட்டை வெட்டினால் வெள்ளம் அதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. கணக்குப் பாருங்கள். 65 அடிக்கு 50 அடி, ஆழம் 6.5 அடி, கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று வெட்டினால் கொள்வது சுமார் 4.15 லட்சம் லிட்டர். அதாவது ஏழரை சென்ட் நிலத்தை இழந்து நீங்கள் பிடிப்பது ஒரு ஏக்கரின் 10 செ.மீ. மழையை மட்டும். அடுத்த நாள் பெய்யும் மழைக்குக் குட்டையில் இடமில்லை. ஆனால் அதே 4 லட்சம் லிட்டர் மார்கழி, தையில் ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. வீதம் இரண்டு தண்ணீர். அதற்காக வெட்டுங்கள்.

ஆழத்தில் கை வைக்கும் முன் உப்பைப் பாருங்கள். சித்திரையில் குட்டை வெட்ட நினைத்த இடத்தில் மண் துளைப்பானால் எட்டடி வரை ஒரு துளை போட்டு, மறுநாள் ஊறி நிற்கும் தண்ணீரில் மீட்டரை வையுங்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் அடுக்கு மெலிதாக இருந்தால், ஆழமாக வெட்டும் ஒவ்வொரு அடியும் உப்பைக் கிட்டே கொண்டுவரும். ஐந்தடியில் உப்பு காட்டினால் நாலடியில் நிறுத்திவிட்டு அகலமாக வெட்டுங்கள். ஜேசிபி வாடகைக்கு வந்துவிட்டது, இன்னும் ரெண்டடி போடலாம் என்று ஆசைப்பட்டு வெட்டிய குட்டை ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கும், ஒரு நாளும் பாய்ச்ச முடியாது.

குட்டையின் கரையும் வெள்ளக் கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் வெள்ளம் புகுந்து சேற்றை நிரப்பிவிட்டுப் போகும், மீன் விட்டிருந்தால் அதுவும் போகும்.

எப்போது நிரப்புவது? முதல் மழையில் அல்ல. ஐப்பசித் தண்ணீரில் வண்டலும் உரமும் கரைந்து வரும். கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள், தெளிந்த தண்ணீரை வடிமடையிலிருந்து ஒரு சின்ன வண்டல் குழி வழியாக விட்டு நிரப்புங்கள். வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. போனாலும் இரண்டு மாதத்தில் ஓரடி குறையும். அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு கரையில் படிகளும், சுற்றி வேலியும் கட்டாயம். வழவழப்பான களிமண் கரையில் விழுந்த குழந்தை தானாக ஏற முடியாது.

8. இப்போதுதான் மோட்டார்

முதல் வருடம் மூன்று அங்குலப் பம்பு இன்ஜினை இரண்டு இரவு ஓட்டினேன். விடிந்து பார்த்தால் முளையில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்து வயல் பெரியவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இன்ஜினை நிறுத்துங்க. நீங்க என் வயலைத்தான் எறைச்சுக்கிட்டு இருக்கீங்க." வரப்பு முழுக்க நண்டு வளை. இறைத்த வேகத்துக்குச் சளைக்காமல் அந்தப் பக்கமிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆகவே இறைக்கும் முன் ஒரு சோதனை. குழாய்களை அடைத்துவிட்டு, மழை இல்லாத ஆறு மணி நேரத்தில் முளையில் மட்டம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முதலில் வளையை அடையுங்கள். களிமண் உருண்டையை உள்ளே தள்ளிக் கம்பால் இடித்து அடைக்க வேண்டும், வாயில் மட்டும் பூசினால் அரை நாள்தான்.

பம்பின் உண்மையான வேகத்தை 200 லிட்டர் டிரம்மில் பாருங்கள். 18 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 40,000 லிட்டர். 4 லட்சம் லிட்டருக்குப் பத்து மணி நேரம். விளம்பரப் பலகையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது தண்ணீரைத் தூக்காமல் சும்மா தள்ளும்போது வரும் அளவு. வெள்ளத்தை இறைக்க மூன்று நான்கு அடிதான் தூக்க வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய மோட்டார் அதற்கு ஏற்றதல்ல. தாழ்வாகத் தூக்கி நிறையத் தள்ளும் விசிறி வகைப் பம்பை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் எல்லாருக்கும் ஆகும்.

மின் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி வெள்ளக் கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு மட்டும் போங்கள்.

9. ரகமும் தேதியும் வடிகாலுக்குத் துணை

மூழ்குவதைத் தாங்கும் ரகம் வேண்டும் என்றால் சிஆர் 1009 சப்1, சுவர்ணா சப்1 இருக்கின்றன. முழுக்க மூழ்கியதும் இந்தப் பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மாவுச்சத்தைச் சேமிக்கும், தண்ணீர் இறங்கியதும் துளிர்க்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஆனால் அது பயிர் வளரும் பருவத்துக்குத்தான். முளைக்கும்போதும் பூக்கும்போதும் அந்தக் குணம் கை கொடுக்காது.

காட்டுயானம் போன்ற பழைய ரகங்கள் வேறு வழியில் போகின்றன. அவை தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து தலையை வெளியே வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் முழங்கால் ஆழம் நிற்கும் வயலுக்கு இந்த உயரம் உதவும். பத்து நாளில் வடிந்துவிடும் திடீர் வெள்ளத்துக்குச் சப்1 மேல். உயர ரகம் சாய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிஆர் 1009 சுமார் 155 நாள் பயிர். ஆவணி முற்பாதியில் விதைத்தால் ஐப்பசி மழை வரும்போது அறுபது நாள் பயிராக நிற்கும். புரட்டாசிக் கடைசியில் நட்ட நாற்று அதே மழைக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டும். இருவருக்கும் பெய்தது ஒரே மழைதான். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. தண்ணீர் தள்ளிப்போகும் வருடத்தில் நீண்ட கால ரகத்தைத் தாமதமாக விதைக்காமல் 130, 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள்.

மேட்டில் இரண்டு சென்ட் நாற்றங்கால் கூடுதலாக வையுங்கள், பயிர் செத்துக் காலியான போக்கிடம் நிரப்ப உதவும். அதே வாரத்தில் பயிர்க் காப்பீட்டையும் முடித்துவிடுங்கள். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அதற்குத் தேவையான பயிர்ப் பதிவுச் சான்றான அடங்கலுக்குக் கடைசி வாரத்தில் போனால் கிராம நிர்வாக அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது.

10. மழை நாட்களில் செய்யும் வரிசை

மழை அறிவிப்பு வந்ததும் பாய்மடையை அடையுங்கள். பிறகு துண்டுக் குழாயைச் சாய்த்து வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். 5 செ.மீ. வடித்தால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டருக்கு இடம் கிடைத்த கணக்கு. மழைக்கு முந்தைய நாள் யூரியா போடாதீர்கள். அது வடிகாலுக்குப் போட்டதாகத்தான் ஆகும்.

மழை பெய்யும்போது இரவில் வரப்பை வெட்டாதீர்கள். உங்கள் தண்ணீர் கீழ் வயலில் இறங்கும், அவர் இன்னொன்றை வெட்டுவார், விடியும்போது யாருக்கும் வரப்பு இருக்காது.

வடிக்கும்போது முதல் குறி, இலை நுனி தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். நுனி வெளியே வந்துவிட்டால் பயிருக்கு மூச்சு வரும். முழு வயலையும் ஒரே நாளில் உலர்த்திவிடாதீர்கள். பல நாள் மூழ்கிய இலை திடீர் வெயிலில் சுருண்டுவிடும். நுனி தெரிந்த பிறகு இரண்டு மூன்று அங்குலம் நிறுத்தி, அடுத்த சில நாளில் இறக்குங்கள்.

உரத்துக்கு அவசரம் வேண்டாம். புதுத் துளிர் வரும்வரை காத்திருந்து, ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளியுங்கள். பயிர் தேறியதும் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கை ஓர் இரவு கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வேர் அழுகிக் கிடக்கும்போதே யூரியாவை வீசுவது எல்லாரும் செய்யும் தப்பு. உறிஞ்ச வேர் இல்லாத பயிருக்கு உரம் எதற்கு?

போக்கிடங்களைக் கூடுதல் நாற்றங்காலிலிருந்தோ, தூர் கட்டிய குத்துகளைப் பிரித்தோ நடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே புகைப்படம் எடுத்து வையுங்கள். அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு என்று கணக்கெடுப்பில் வர வேண்டும். வடிந்து பத்து நாள் கழித்து வருகிறவருக்குப் பச்சைதான் தெரியும்.

11. தைத் தண்ணீர்

மழை விலகியதும் வயல் கையை விட்டு வேகமாகக் காயும். இங்கேதான் குட்டை. பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் மண் வெடிக்க விடாதீர்கள். குட்டைத் தண்ணீரை அந்த இரண்டு தருணத்துக்கு ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போகலாம். துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் தரைக்குக் கீழே 10 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். அதற்கும் கீழே விட்டால் நம் களிமண் வெடித்து, பாய்ச்சிய தண்ணீர் வெடிப்பில் இறங்கிவிடும்.

மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-இல் அடைபடும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளிப்பவர்கள் வடிமடையை அவசரப்பட்டு முழுக்கப் படுக்க வைத்துவிடாதீர்கள். அந்த மிச்ச ஈரத்தில்தான் அடுத்த பயிர் முளைக்கிறது.

குட்டையை ஒவ்வொரு முறை திறக்கும் முன்பும் மீட்டரை வையுங்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். நெல்லுக்கு 2 டெசிசீமன்ஸ், அதாவது இசி மீட்டர் காட்டும் எண் 2000 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். உளுந்து அதற்கு முன்பே துவளும். மாசியில் அடித் தண்ணீர் அந்த அளவைத் தொட்டுவிட்டால் பாய்ச்சாமல் விட்டுவிடுங்கள். பங்குனியில் அது வற்றியதும் அடி வண்டலை அள்ளிக் கரைக்குப் போட்டுவிட்டு, டியூபையும் முளைகளையும் மறுபடி எடுங்கள். புது மண் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.